துவைக்கிற டைமரில் ஓடும் கடல்

கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்த் திருகணும், அவ்வளவுதான், இதுல என்ன பெரிய கஷ்டம், சும்மா உக்காந்து டிவியில கண்டவங்க சண்டையப் பாக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். திருகினா டிர்ருனு ஒரு சத்தம், அப்பறம் உள்ள பல்லுச்சக்கரம் நகர்ற டிக் டிக், இடது பக்க மோட்டார் ஓடும், நிக்கும், கொஞ்சம் யோசிக்கும், வலது பக்க மோட்டார் ஓடும். தண்ணி இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது. திருச்சியில, மூணாவது மாடியில, ரிட்டயர் ஆன பௌதிக டீச்சர் மங்கையர்க்கரசி வீட்டு ஹால்ல அலை அடிக்குது. வெளிய சொன்னா சிரிப்பாங்க. சிரிக்கட்டும். பழைய வாஷிங் மெஷின்ல இருந்து கழட்டின டைமர், ஏர் கூலர்ல தண்ணிக்குள்ள முக்கிப் போடுற குட்டி மோட்டார் ரெண்டு, கொஞ்சம் ஒயர், கருப்பு டேப்பு. துணி துவைக்கிற மெஷின் என்ன பண்ணும், இப்படிக் கொஞ்சம் சுத்தும், நிக்கும், அப்படிக் கொஞ்சம் சுத்தும். அந்த ரெண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு மோட்டாரக் குடுத்தா அலை. என் பையன் குரு இந்தக் கடல்மீன் தொட்டிக்குன்னு வெளிநாட்டுல இருந்து வரவழைச்ச அலை மோட்டார் திங்கக்கிழமை நின்னு போச்சு. முனகுது, சுத்தல. கடைக்காரர் சென்னையில இருந்து வரணும், ரெண்டு வாரம் ஆகும்ங்கறார். ரெண்டு வாரம் தண்ணி அசையாம நின்னா இதுக்குள்ள எதுவும் மிஞ்சாது. கடல்ல பொறந்ததுக்குத் தண்ணி சும்மா நிக்கும்னே தெரியாது. குருகிட்ட சொல்லல. சொல்ல மாட்டேன். சாயங்காலம் விளக்கு வெக்கிற நேரத்துக்குப் போன் பண்ணுவான், அவனுக்கு அது விடிகாலை, கனடாவுல காபியக் குடிச்சிட்டே கேப்பான், அம்மா மீனெல்லாம் எப்படி இருக்குன்னு. நல்லா இருக்குடான்னு சொல்லணும். பொய் சொல்ல எனக்கு வராது, அதனால நல்லா இருக்கிற மாதிரி பண்ணிட்டேன்.

அந்த மெக்கானிக் ஜமால் இருக்காரே, நேத்து டைமர் வேணும்னு கேட்டதும் ஸ்க்ரூ டிரைவரக் காதுல சொருகிக்கிட்டு என்னையே பாத்தார். "என்னம்மா, மெஷினே வேலைக்காகாதுன்னு நான்தான் சொன்னேன், டைமர மட்டும் கழட்டி என்ன பண்ணப் போறீங்க?" மீன் தொட்டிக்குன்னேன். "மீனத் துவைக்கப் போறீங்களா?" ஆமா, துவைச்சுக் கொடியில காயப் போடப் போறேன், கழட்டிக் குடுங்கன்னேன். சிரிச்சிட்டே கழட்டினார், எந்த ஒயர் எந்தப் பக்கம்னு காட்டினார், போறப்போ மட்டும் குரலத் தாழ்த்தி, "தனியா இருக்கீங்க, ஈரக் கையோட ப்ளக்கத் தொடாதீங்கம்மா"ன்னார். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. மின்சாரம் நான் நடத்துனதுய்யா, முப்பது வருஷம், எனக்கே சொல்றியான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா சுருக்குன்னது அதுக்கில்ல. தனியா இருக்கீங்க. அது எப்படித் தெரியும் அவருக்கு. முகத்துலயா எழுதியிருக்கு. மெஷின்லயே தெரிஞ்சிருக்கும், ஒரே ஒரு ஆள் துணி சுத்தின மெஷின். சரி, அத விடு. அலைன்னா என்ன, சொல்லு பாப்போம், மூணாவது பெஞ்சு. தண்ணி இருந்த இடத்துலதான் இருக்கும், மேலயும் கீழயும் ஆடும், நகர்றது அலை மட்டும்தான்னு போர்டுல முகடு போட்டு அகடு போட்டுக் காட்டுவேன். கையத் தூக்குங்க, யாருக்குப் புரியலன்னு கேட்டா ஒருத்தரும் தூக்க மாட்டாங்க. இந்தத் தொட்டியில அது பொய். இங்க தண்ணியே நகருது. மோட்டார் தள்ளுது, நகருது. இது அலையே இல்ல, ஓட்டம், இத அலைன்னு பேப்பர்ல எழுதியிருந்தா நானே மார்க்க வெட்டியிருப்பேன். மீனுக்குத் தெரியுமா அதெல்லாம். கோமாளி மீன் ரெண்டும் ஓட்டத்துக்கு எதிர்ல நின்னு வால ஆட்டுதுங்க, மூணு நாளா ஒரு மூலையில சோர்ந்து கிடந்ததுங்க இப்ப நீந்துது பாரு. கடல்பூ மட்டும் இன்னும் சரியா விரியல. அனிமோன்னு குரு சொல்லுவான், எனக்கு வாயில நிக்காது, கடல்பூதான். பழுப்பா, விரல் விரலா, நுனியில பச்சையா. மீனுங்க அதுக்குள்ள புகுந்துதான் தூங்கும். விரியும், புது ஓட்டம் பழக வேண்டாமா. டிக் டிக் நின்னுடுச்சு. எழுந்திரு மங்கை.

திருகியாச்சு. முட்டிக்கால் ஒரு சத்தம் போட்டுது, டைமரும் ஒரு சத்தம் போட்டுது, ரெண்டும் ஒண்ணாவே பழசாயிட்டோம். ராத்திரி என்ன பண்ணுவே, ராத்திரியும் எழுந்து எழுந்து திருகுவியான்னு கேட்டா, தெரியல, அத அப்பப் பாத்துக்கலாம், ராத்திரி எப்படியும் தூக்கம் வர்றதில்ல. அன்னிக்கு ஃபில்டர்ல சத்தம் வருதுன்னு சொன்னதுக்கு குரு என்ன சொன்னான். "கஷ்டமா இருந்தா கடைக்காரர்கிட்டயே குடுத்துடும்மா." குடுத்துடும்மா. எவ்வளவு சுளுவா வந்துச்சு வாயில இருந்து. குடுத்துட்டா. சரி, குடுத்துட்டேன்னே வெச்சுக்கோ. மறுநாள் விளக்கு வெக்கிற நேரம் போன் அடிக்குது, எடுக்கறேன், அம்மாங்கறான், சொல்லுடாங்கறேன். அப்பறம்? அதுக்கப்பறம் என்ன? சாப்பிட்டியான்னு கேக்க முடியாது, நான் என்ன சின்னப் பையனான்னு எரிஞ்சு விழுவான். வேலை எப்படின்னா போகுதுங்கறான். உடம்பு எப்படின்னா இருக்குங்கறான். இன்னொண்ணு எப்பவுமே கேக்கக் கூடாது. அந்தப் பொண்ணு, பேரச் சொல்லக் கூடாது, மனசுக்குள்ள கூட நான் சொல்றதில்ல, வருஷம் திரும்பறதுக்குள்ள அந்தக் கல்யாணம் முறிஞ்சு போச்சே, அதுல இருந்து எந்தக் கேள்வியக் கேட்டாலும் அங்கதான் போய் இடிக்குது. லீவுக்கு வரியாடான்னா ஏன் வரணும்னு இடிக்குது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தப் பத்திச் சொல்ல முடியல. மழை பெய்யுதான்னு கேட்டேன் ஒரு தடவை, அவ போன அன்னிக்கு மழையாம், எனக்கு எப்படித் தெரியும். ஒண்ணொண்ணா வாசல அடைச்சிட்டே வந்து மிச்சம் இருக்கிறது மீன். மீனப் பத்தி என்ன வேணா கேக்கலாம். உப்பு சரியா இருக்கான்னு கேப்பான். சின்ன மீன பெருசு வெரட்டுதான்னு கேப்பான். நானும் விடாம சொல்லுவேன், இல்லாததையும் சேத்துச் சொல்லுவேன், இறால் சட்டைய உரிச்சுப் போட்டதையெல்லாம் கதை மாதிரி நீட்டுவேன், பாதிக் காபி தீர்ற வரைக்கும் போகும். அவ்வளவு நேரம் என் பிள்ளை என் கூட இருக்கான். இந்தத் தொட்டி போச்சுன்னா அந்த நேரம் போச்சு. அதுக்குத்தான் இந்த டைமர், இந்தக் கருப்பு டேப்பு. ஜமாலுக்கு இதெல்லாம் சொல்லிட்டு இருக்க முடியுமா.

கண்ண மூடினா டிக் டிக். வலது, இடது. ஃபேன் காத்துல தொட்டி உப்பு வாசனை வருது, மீன் வாசனை இல்ல இது, ஈரச் சாக்கு வாசனை. அந்த வருஷம் முழுக்க ஹால்ல இந்த வாசனைதான். கல்யாணம் முறிஞ்சு வந்து குரு இங்கயே கிடந்தான், வேலைய லேப்டாப்புல பாத்துக்கிட்டு. ஒரு நாள் நாலு பேர வெச்சு இந்தக் கண்ணாடியத் தூக்கிட்டு வந்தான், படியில மூணு தடவை எறக்கி ஏத்தினாங்க, என்னடா இதுன்னேன், கடல்னான், அவ்வளவுதான் பேச்சு. அப்பறம் எப்பப் பாத்தாலும் இது முன்னாடிதான். ஸ்டூலப் போட்டு உக்காந்துப்பான், நீல வெளிச்சம் அவன் முகத்துல ஆடும். நான் அவனுக்குப் பின்னாடி சேர்ல. தொட்டிய நான் பாத்ததே இல்ல அப்ப, அவன் முதுகத்தான் பாப்பேன். பனியனுக்குள்ள எலும்பு தெரிஞ்சுது. தோள்ல கைய வெக்கணும், வெக்கணும்னு நெனச்சுக்கிட்டே சேர விட்டு எழுந்து, சமையக்கட்டுக்குப் போய் ஒரு டம்ளர எடுத்து வெச்சிட்டு திரும்பி வந்துடுவேன். அவனக் காப்பாத்துனது இந்தத் தொட்டிதான். நான் இல்ல. அதுல எனக்கு ஒரு பொறாமை கூட உண்டு, கண்ணாடிப் பெட்டி மேல பொறாமைப்பட்ட பொம்பள நான். கனடாவுக்குக் கிளம்பறப்போ எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தான், உப்பு கலக்க, தண்ணி மாத்த, விளக்கு மாத்த. எங்கிட்ட எதையாவது நம்பி ஒப்படைச்சானேன்னு இருந்துச்சு. டைமர். எழுந்திரு. கால் மரத்துப் போச்சு, இரு, இரு. இப்படியே ஒரு நாள் எழுந்திருக்க முடியாம விழுந்தா. ஈரத் தரை, வழுக்கி விழுந்து, ப்ளக்கு அங்க, போன் இங்க. சாயங்காலம் போன் அடிக்கும், அடிச்சு நிக்கும். வேலை இருக்கும்னு நெனச்சுப்பான். மறுநாளும் அடிக்கும். அப்பறம் யாருக்குப் போடுவான், அவன்கிட்ட இந்த பில்டிங்ல யார் நம்பரும் கிடையாது. புதுசா வந்த வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும், அவனுக்கு வாட்ச்மேனத் தெரியாது. வாசனை வந்து கதவ உடைக்கறவன் மொதல்ல மீன்தான் செத்துக் கிடக்குன்னு நெனப்பான். ச்சீ, என்ன நெனப்பு இது, போய்த் திருகு.

திருகிட்டுத் திரும்பறப்பதான் கண்ணுல பட்டுது. நத்தை கீழ கிடக்கு. கண்ணாடியில ஒட்டிட்டே இருக்கும், ராவும் பகலும் ஒட்டினது ஒட்டினபடி, இப்ப மணல்ல மல்லாந்து கிடக்கு. குனிஞ்சேன். இறால் எங்க? பாறைக்கு முன்னாடி நின்னு சுண்டிச் சுண்டிப் பின்னால பாயுது, இடமில்லாம கண்ணாடியில முட்டுது, மறுபடியும் பாயுது. கடல்பூ விரியல, விரியலயா, உள்ள இழுத்துக்கிட்டு, வதங்கின கத்திரிக்காய் மாதிரி சுருங்கி, வாய் வெளிய தள்ளியிருக்கு. மீனுங்க மட்டும் ஜோரா நீந்துது. மீனுக்கு ஒண்ணும் இல்ல, மத்ததுக்கு மட்டும் என்ன. மீனுக்கு ஒண்ணும் இல்ல, மத்ததுக்கு மட்டும். இத யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன். யாரு. குருதான். மீன் மேல வெள்ளைப் புள்ளி வந்தப்போ கடைக்காரர் ஒரு நீல மருந்து குடுத்தாரு, குரு பாட்டில வெளிச்சத்துல திருப்பிப் படிச்சிட்டு அப்படியே குப்பையில போட்டான். "இதுல செம்பு இருக்கும்மா. மீன் தாங்கும், மத்தது எல்லாத்துக்கும் விஷம்." செம்பு. என் கை தானா மேல போச்சு, ரெண்டு மோட்டாரையும் தொட்டிக் கம்பியில கட்டித் தொங்க விட்டிருக்கேனே, அந்த ஒயரு. வீட்டுக்கு ஒயரிங் பண்ணதுல மிச்சம், காலையில நானே உக்காந்து மேல்தோல உரிச்சு, உள்ள இருக்கிற செம்புக் கம்பிய முறுக்கிக் கட்டினேன். மோட்டாரோட ரப்பர் கப்பு கண்ணாடியில ஒட்டல, வழுக்குது, இரும்புக் கம்பின்னா உப்புத் தண்ணியில ரெண்டே நாள்ல துருப்பிடிக்கும், செம்பு துருப்பிடிக்காதுன்னு எவ்வளவு புத்திசாலித்தனமா யோசிச்சேன். அதோட செம்பு நல்லதாச்சே. தினம் ராத்திரி செம்புச் சொம்புல தண்ணி ஊத்தி வெச்சு, காலையில வெறும் வயித்துல நான் குடிக்கிற தண்ணி. எனக்கு நல்லது இதுங்களுக்கும் நல்லதுன்னு நெனச்சேன். ப்ளக்கப் பிடுங்கினேன், கையத் தொடைச்சேனா தெரியல, பிடுங்கினேன். கம்பிய அறுத்து எறிஞ்சேன், தண்ணிக்குள்ள இருந்த இடம் பூரா பச்சையா, வழவழன்னு. வாராவாரம் மாத்தறதுக்குன்னு உப்புத் தண்ணி கலந்து வெச்சிருக்கிற டிரம்மு, அதத் தள்ள முடியல, மக்கு மக்காத்தான் மொண்டு ஊத்தினேன், பழைய தண்ணிய பக்கெட்டுல எறக்கி பாத்ரூமுக்கு இழுத்தேன், திரும்பி வந்தேன், இழுத்தேன். ஃபில்டர்ல விஷத்த உறிஞ்சற கரித்தூள் பை புதுசா வெச்சேன். புடவை முழங்கால் வரைக்கும் நனைஞ்சு போச்சு. மோட்டார ரெண்டையும் நைலான் கயித்துல கட்டி மறுபடி எறக்கினேன், இத மொதல்லயே பண்ணியிருக்கலாம்ல, வீட்டுல கொடிக்கயிறு இல்லாமலா போச்சு. நத்தை செத்துப் போச்சு, மோந்து பாத்தாலே தெரியுது. இறால் ஒரு பக்கமா சாஞ்சு கால மட்டும் அசைக்குது. கடல்பூவ நான் தொடல. தொட பயமா இருந்துச்சு. பௌதிகம் படிச்சவளே, பக்கத்து ரூம்லதானே வேதியியல் டீச்சர் நடத்தினா, ஒரு நாள் காது குடுத்துக் கேட்டிருந்தா என்ன.

விளக்கு வெக்கல. ஹால்ல தொட்டியோட நீல வெளிச்சம் மட்டும்தான், தரையெல்லாம் ஈரம், நான் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். பெரிய மீன் கடல்பூக்கிட்ட போய் உடம்பத் தேய்க்குது, அது விரியல, சுத்தி வந்து மறுபடி தேய்க்குது. போதும் விடு, இனி அது விரியாதுன்னேன் மீன்கிட்ட. இப்ப அடிக்கும் போன். என்ன சொல்றது. நல்லா இருக்குடா. வாயத் தொறந்து சொல்லிப் பாத்தேன், நல்லா இருக்குடா, குரல் நல்லாத்தான் வருது. நாளைக்கும் அப்படியே சொல்லலாம், அடுத்த வாரமும் சொல்லலாம், செத்துப் போனதையெல்லாம் வெரட்டி வெளையாட விடலாம், இறாலுக்குச் சட்டை உரிக்கலாம், காலித் தொட்டிய வெச்சுக்கிட்டே அவன் காபி தீர்ற வரைக்கும் பேசலாம். யார் வந்து பாக்கப் போறா. அவன் வரப் போறதில்ல. அத நெனச்சப்பதான் அழுகை வந்துச்சு, கடல்பூவுக்கு வரல, இதுக்கு வந்துச்சு. மூக்கச் சிந்தி முடிக்கறதுக்குள்ள போன் அடிச்சிடுச்சு.

"அம்மா. மீனெல்லாம் எப்படி இருக்கு?" பின்னாடி கெட்டில் கொதிக்கிற சத்தம். நல்லான்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல வரல. "கடல்பூவக் கொன்னுட்டேன்டா," ன்னேன். அப்பறம் எல்லாத்தையும் கொட்டினேன், அலை மோட்டார் நின்னது, டைமர், ஜமால், செம்புக் கம்பி, நத்தை, எது முன்னாடி எது பின்னாடின்னு இல்லாம. கெட்டில் க்ளிக்னு அணைஞ்சுது. திட்டட்டும், நல்லா நாலு திட்டு திட்டிட்டு வெக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். "எதும்மா," ன்னான் மெதுவா, "அந்த ஊதாக் கலரா இருக்குமே, அதுவா?" ஊதாக் கலர்ல இந்தத் தொட்டியில எதுவும் இருந்ததே இல்ல. பழுப்புடா, நுனி பச்சைன்னேன். "ஓ," ன்னான். எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. "குரு, உனக்கு இது ஞாபகமே இல்லையா?" மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. "அதப் பத்தி நெனக்கக் கூடாதுன்னுதாம்மா இருக்கேன். நெனச்சா அந்த வருஷம்தான் வருது. அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு... வேண்டாம்மா." அப்பறம் எதுக்குடா நீ தினம் கேக்கறேன்னு கோவமாத்தான் கேட்டேன். "உனக்கு அது உசுராச்சே. மீனப் பத்திக் கேட்டா எவ்வளவு பேசற. வேற என்ன கேட்டாலும் ம்முன்னு முடிச்சிடறே. எனக்கு வேற என்ன கேக்கறதுன்னு தெரியலம்மா." நான் முடிச்சிடறேனா. நானா. மூணு வருஷமா இந்த உப்பு வாளிய மூணு மாடி தூக்கிட்டு ஏறினது நான். அவனுக்காக நான், எனக்காக அவன், நடுவுல ஒண்ணும் அறியாத ஒரு பூ. சிரிக்கறதா என்னன்னு தெரியல. கார் சாவி குலுங்கற சத்தம். வேலைக்குக் கிளம்பற நேரம், சரிம்மா வெச்சிடறேன்னு இப்பச் சொல்லுவான், சொல்லிட்டா நாளைக்குக் கேக்க அவனுக்கும் ஒண்ணும் இல்ல, சொல்ல எனக்கும் ஒண்ணும் இல்ல. "அந்த வருஷம் உனக்கு என்னடா ஆச்சு," ன்னு கேட்டேன். "நான் பின்னாடியேதான்டா உக்காந்திருந்தேன். கேக்கவே இல்ல. இப்பக் கேக்கறேன்." வெச்சிட்டானோன்னு போனக் காதுல இருந்து எடுத்துப் பாத்தேன், வெக்கல. மறுபடி காதுல வெச்சப்போ, சாவிய மேசை மேல போடற சத்தம் கேட்டுச்சு. நாற்காலிய இழுத்து உக்காந்தான்.